நடுக்கோட்டில் நிற்பவர்களுக்கு

சிங்கப்பூரில் கூடைப்பந்து விசிலைப் புதிதாகக் கையில் எடுத்திருக்கும் தமிழ் இளையர்களுக்கு,



தேக்காவில் காய்கறி வாங்கப் போனாலும், ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் இறங்கி நடந்தாலும் உங்களில் யாராவது எதிர்ப்படுகிறீர்கள். "அண்ணே, நேற்றைக்கு அந்த பேக்கோர்ட் சரிதானா?" என்றுதான் பேச்சு ஆரம்பமாகிறது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாருக்கும் சேர்த்து ஒரு மடலாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கால்பந்துத் திடலுக்கும் கிரிக்கெட் வலைக்கும் போகிறவர்கள். கூடைப்பந்துக்கு வருகிறவர்கள் குறைவு, நடுவராக வருகிறவர்கள் அதிலும் குறைவு. வந்திருக்கிற உங்களைப் பார்க்கையில் மனம் நிறைகிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இந்த மடல் முழுவதும் ஒரே விதியைப் பற்றியது. ஃபவுல் விஷயத்தில் பார்வையாளர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள், சத்தம் சிதறிப்போகும். பேக்கோர்ட் விஷயத்தில் அப்படியில்லை. பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் போன மறுகணம் மண்டபமே ஒரே குரலில் கத்தும். அந்தக் குரல் பெரும்பாலான நேரம் தவறானது. அதைக் கேட்டுக்கொண்டே விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் இருப்பதுதான் உங்கள் வேலையிலேயே கடினமான பகுதி.

இங்கே பள்ளி ஆட்டங்களும் சங்க ஆட்டங்களும் அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிகளின்படி நடக்கின்றன. அந்தப் புத்தகத்தின் 30ஆம் பிரிவு, பந்தைப் பின்பாதிக்கு, அதாவது அணி காக்கும் கூடை உள்ள பேக்கோர்ட்டுக்கு, திருப்புவது பற்றியது. அது கேட்பது மூன்று விஷயங்கள். முதலாவது, அணி தன் ஃபிரண்ட்கோர்ட்டில் (எதிரணிக் கூடை உள்ள முன்பாதியில்) பந்தைத் தன் வசம் வைத்திருந்ததா? இரண்டாவது, ஃபிரண்ட்கோர்ட்டில் பந்தைக் கடைசியாகத் தொட்டவர் அந்த அணிக்காரரா? மூன்றாவது, பின்பாதிக்குப் போன பந்தை முதலில் தொட்டவரும் அதே அணிக்காரரா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் மட்டுமே விதிமீறல். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் ஆட்டம் தொடர வேண்டும்.

இதில் பந்து கோட்டைத் தாண்டுவது குற்றமாக எங்குமே சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பந்து தாண்டட்டும், உருளட்டும், பின்பாதியில் தனியாகக் கிடக்கட்டும். யாரும் தொடாதவரை நீங்கள் ஊத எதுவுமில்லை. அந்தப் பந்தை எதிரணிக்காரர் ஓடிப்போய் எடுத்தால் அவருக்கு எதிரே ஆளில்லாத கூடை கிடைக்கும். நீங்கள் அவசரப்பட்டு ஊதினால் அந்தக் கூடையை அவரிடமிருந்து பறிக்கிறீர்கள். விதிமீறலால் லாபம் அடைய வேண்டிய அணியே உங்கள் விசிலால் நஷ்டமடைகிறது.

அண்மையில் பார்த்த ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். உயர்நிலை ஒன்று, இரண்டு படிக்கும் பெண்பிள்ளைகள். பந்து வைத்திருந்த பெண் ஃபிரண்ட்கோர்ட்டில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று, வலப்பக்கம் இருந்த தோழிக்குப் பாஸ் கொடுத்தாள். நடுவே கை நீட்டிய எதிரணிப் பெண்ணின் விரல்நுனியில் பட்டுப் பந்து திசைமாறிப் பின்னால் உருண்டது. பட்டது கொஞ்சம்தான், ஆனால் பந்தின் சுழற்சி மாறியது கண்ணுக்குத் தெளிவாகவே தெரிந்தது. பாஸ் கொடுத்த பெண் திரும்பி ஓடினாள். கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தவள், குனிந்து கைநீட்டும் முன்பே சட்டென்று நின்றுவிட்டாள். பக்கத்தில் பெற்றோர் பகுதியிலிருந்து "பேக்கோர்ட்! பேக்கோர்ட்!" என்று குரல்கள் எழுந்திருந்தன. தொட்டால் குற்றமாகிவிடும் என்று பயந்து, இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக்கொண்டு, தன் காலடியில் உருளும் பந்தைப் பார்த்தபடியே நின்றாள். அதே நொடியில் விசிலும் ஒலித்தது. எதிரணி தட்டிய பந்து அது, அவள் தாராளமாக எடுத்திருக்கலாம். விதி அவள் பக்கம் இருந்தது. அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஊதியவரும் உங்களைப் போன்ற ஓர் இளம் நடுவர்தான். நல்ல ஓட்டம், நல்ல குரல், நின்ற இடமும் சரி. அவசரம் ஒன்றுதான் குறை.

ஆகவே முதலில் கண்ணைப் பழக்குங்கள். பாஸ் கிளம்பும்போது அதைக் குறுக்கிடப் போகும் கையைப் பாருங்கள். பந்து பின்னால் போகத் தொடங்கியதும் "கடைசியாக யார்?" என்ற பதில் மனத்தில் தயாராக இருக்க வேண்டும். பிறகு கோட்டருகே ஓடி "முதலில் யார்?" என்று பாருங்கள். இரண்டு பதிலும் கிடைத்த பிறகு ஊதினால் போதும். அரை நொடி தாமதமாக வரும் சரியான விசிலை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, கோடு. ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நடுக்கோடு 5 செண்டிமீட்டர் அகலம். அந்த 5 செண்டிமீட்டரும் பேக்கோர்ட்டைச் சேர்ந்தது. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வாக்குவாதம் தீர்ந்தது. முன்னேறி வரும் ஆட்டக்காரரின் கால் கோட்டில் இருக்கிறது என்றால் அவர் இன்னும் ஃபிரண்ட்கோர்ட்டுக்கு வரவில்லை. ஃபிரண்ட்கோர்ட்டில் நிலைபெற்றுவிட்ட ஒருவர் பந்தோடு குதிகாலைக் கோட்டில் பதித்துவிட்டால் அவர் பின்னால் போய்விட்டார், விதிமீறல்.

நம் பள்ளிகளின் பல்நோக்கு மண்டபங்களில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. பேட்மிண்டனுக்கு ஒரு நிறம், வாலிபாலுக்கு ஒரு நிறம், கூடைப்பந்துக்கு இன்னொரு நிறம் என்று தரை முழுக்கக் கோடுகள். சில மண்டபங்களில் நடுப்பகுதியில் இரண்டு மூன்று கோடுகள் நெருங்கி ஓடும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நடுக்கோட்டின் மீது இந்தப் பக்கவாட்டிலிருந்து அந்தப் பக்கவாட்டு வரை ஒருமுறை நடந்துவிடுங்கள். எந்த நிறம் உங்களுடையது, எந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு அணித் தலைவர்களையும் கூப்பிட்டு, "இந்த நிறம்தான் நடுக்கோடு" என்று காட்டிவிடுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

டிரிபிள் செய்துகொண்டு வருகிறவர் எப்போது ஃபிரண்ட்கோர்ட்டுக்கு வந்தவர் ஆகிறார்? இடது கால், வலது கால், பந்து மூன்றும் முழுமையாக முன்பாதித் தரையில் பட்ட பிறகுதான். வாசற்படியில் ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு பேசுகிறவர் வீட்டுக்குள் வந்தவர் ஆகமாட்டார் அல்லவா, அதுபோலத்தான். இரண்டு காலும் தாண்டிவிட்டன, பந்து மட்டும் இன்னும் கோட்டுக்குப் பின்னால் துள்ளிக்கொண்டிருக்கிறது என்றால், அவர் திரும்பிப் பின்னால் போகலாம். பந்தைப் பிடித்துக்கொண்டு இருபுறமும் கால் பரப்பி நின்றால், அவர் இன்னும் பின்பாதிக்காரர்தான். முன்னால் இருக்கும் காலைத் தூக்கிப் பின்னால் வைத்தாலும் தவறில்லை, பிவட் கால் நகராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்பாதியிலிருந்து தாவிப் பந்தைப் பிடித்தவர் ஒரு காலை முன்பாதியில் ஊன்றி, மறு கால் காற்றில் இருக்கும் நிலையில் தடுமாறிப் பின்பாதியில் வைத்துவிட்டால் அதுவும் சரியே. இரண்டு கால்களும் ஊன்றப்படவில்லை.

பார்வையாளர்கள் பெரிதும் குழம்புவது இங்கேதான். அவர்கள் பந்தை மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் காலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பின்பாதியில் நிற்பவர் ஃபிரண்ட்கோர்ட்டில் உள்ள தோழனுக்கு வேகமாக எறிய, அவன் பிடிக்கத் தவறி, கையில் பட்டு மட்டும் பந்து எறிந்தவரிடமே திரும்பி வந்தால் மண்டபம் கத்தும். நீங்கள் ஊதக் கூடாது. தோழன் தொட்டான், ஆனால் வசப்படுத்தவில்லை. ஃபிரண்ட்கோர்ட்டில் அணியின் வசம் பந்து வரவே இல்லை, எனவே முதல் கேள்விக்கே பதில் "இல்லை". பின்பாதியிலிருந்து சுழற்றி எறிந்த பந்து முன்பாதித் தரையில் குத்திச் சுழற்சியால் திரும்பி வந்தாலும் அப்படியே. கோட்டுக்கு இருபுறமும் கால் வைத்து நிற்கும் உங்கள் முதுகிலேயே பட்டுப் பின்பாதிக்குத் திரும்பி வந்தாலும் அப்படியே.

எதிர்ப்புறமும் சொல்லிவிடுகிறேன். எதிரணி தட்டிய பந்து டிரிபிள் செய்தவரின் முழங்காலில் பட்டுப் பின்னால் போனால், கடைசியாகத் தொட்டது முழங்கால்காரர். அவர் விரும்பித் தொட்டாரா, தானாகப் பட்டதா என்பது பொருட்டல்ல. அவருடைய அணிக்காரர் அதைப் பின்னால் எடுத்தால் விதிமீறல். இரண்டு அணியினரும் ஒரே சமயத்தில் பந்தைத் தொட்டு அது பின்னால் போய், முதலில் பந்து வைத்திருந்த அணியே அதை எடுத்தால், அதுவும் விதிமீறல் என்று ஃபிபாவின் அதிகாரபூர்வ விளக்க நூல் சொல்கிறது. பந்தை வைத்திருந்தவர்களின் கையும் அந்தக் கடைசித் தொடுதலில் இருந்ததுதான் காரணம். அந்த விளக்க நூலை இலவசமாகவே வெளியிடுகிறார்கள். விதிப்புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு நிற்காதீர்கள், இதையும் கூடவே வைத்துப் படியுங்கள். 30ஆம் பிரிவுக்குக் கீழே அடுக்கியிருக்கும் உதாரணங்கள் ஒவ்வொன்றும் எங்கோ ஓர் ஆடுகளத்தில் யாரோ சண்டை போட்ட விஷயம் போலத்தான் எனக்குப் படும்.

இந்த விதி எதற்காக வந்தது என்பதும் தெரிந்திருந்தால் தீர்ப்பு எளிதாகும். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் நடுக்கோடே இல்லை. முன்னிலையில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு ஆடுகளம் முழுக்கச் சுற்றிச் சுற்றி நேரத்தைக் கடத்தத் தொடங்கியதும் ஆட்டம் செத்துப்போனது. 1932இல் அமெரிக்கர்கள் கோட்டைக் கொண்டுவந்தார்கள், 10 நொடிக்குள் தாண்ட வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு ஜெனீவாவில் ஃபிபா பிறந்தது. 2000ஆம் ஆண்டில் ஃபிபா அந்த 10 நொடியை 8 ஆகவும், கூடைக்கு எறிய வேண்டிய 30 நொடியை 24 ஆகவும் குறைத்தது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் 2013–14 பருவம் வரை இந்த 10 நொடி விதியே கிடையாது என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள்.

ஆக, கோட்டின் நோக்கம் பந்து வைத்திருப்பவரை அரை ஆடுகளத்துக்குள் அடைத்து, தடுப்பவருக்கு ஒரு நியாயமான வாய்ப்பைத் தருவது. முன்னேறி வந்துவிட்டாய், இனி பின்வாங்கி ஓடி ஒளிய முடியாது. தடுப்பவரே பந்தைப் பின்னால் தள்ளிவிட்டால் யாரும் ஓடி ஒளியவில்லை. அதனால்தான் "யார் தொட்டார்" என்ற கேள்வி விதியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஓர் உள்ளூர் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் வீவக புளோக்குகளின் கீழே மாலையில் ஆடுகிற பிள்ளைகளைப் பாருங்கள். ஆறேழு பேர் சேர்ந்தால் ஒரே கூடையில் ஆடுவார்கள். இடமும் அவ்வளவுதான், ஆளும் அவ்வளவுதான். அந்த ஆட்டத்துக்கு இப்போது உலக அளவில் மதிப்பு இருக்கிறது. 2010 ஆகஸ்டில் சிங்கப்பூர் முதலாவது இளையர் ஒலிம்பிக் போட்டிகளை நடத்தியபோது, மூவர் கூடைப்பந்து ஒலிம்பிக் குடையின் கீழ் முதன்முதலாக அரங்கேறியது ஆர்ச்சர்ட் சாலை அருகேதான், ஸ்கேப் இளையர் தளத்தில். தோக்கியோ ஒலிம்பிக்கில் அது பெரியவர்களுக்கும் வந்தது. நம் ஊர் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் மூவர் ஆட்டத்தில் பேக்கோர்ட் கிடையாது. நடுக்கோடும் இல்லை, 8 நொடியும் இல்லை. தடுத்த அணி பந்தை எடுத்தால் வளைவுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், வளைவைக் காலால் மிதிக்காமல் நிற்க வேண்டும், அவ்வளவே. பத்து வயதிலிருந்து புளோக் கீழே ஆடி வளர்ந்த பிள்ளை, உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைக்காகக் கூடைப்பந்தில் சேரும்போதுதான் முதல்முறையாக முழு ஆடுகளத்தைப் பார்க்கிறான். அவனுக்கு நடுக்கோடு ஓர் அந்நியப் பொருள். நெருக்கடி வந்தால் பின்னால் திரும்பித் தப்பிக்கப் பார்ப்பான், புளோக் கீழே அப்படித்தானே தப்பித்தான். அவன்மேல் எரிச்சல் வேண்டாம். அவன் ஏமாற்றப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் இன்னொரு பக்கத்திலிருந்தும் விதி கற்கிறார்கள், கைப்பேசித் திரையிலிருந்து. எம்ஆர்டியில் என்பிஏ துணுக்குகளைப் பார்த்துவிட்டு வந்து, "அங்கே விடுகிறார்களே" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். பதில் உங்களிடம் இருக்க வேண்டும்: அங்கே வேறு புத்தகம், அமெரிக்கப் பள்ளிகளுக்கு இன்னொரு புத்தகம். பக்கவாட்டிலிருந்து த்ரோ-இன் எறியும்போது, ஃபிரண்ட்கோர்ட்டிலிருந்து தாவிய ஆட்டக்காரர் காற்றிலேயே பந்தைப் பிடித்துப் பின்பாதியில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதியில் அது சரி. த்ரோ-இன்னுக்கென்றே அந்தப் புத்தகத்தில் அவருக்கு விலக்கு உண்டு. ஃபிபா விதியில், எறிபவர் ஃபிரண்ட்கோர்ட்டில் நின்று எறிந்தால் பந்து ஏற்கெனவே அந்த அணியின் வசம் இருக்கிறது, அதுவும் ஃபிரண்ட்கோர்ட்டில். ஆகவே அதே தாவல், அதே பிடி, இங்கே விதிமீறல்.

தாவலுக்கு ஃபிபா தரும் விலக்கு வேறு. எதிரணியின் பாஸை ஒருவர் தன் ஃபிரண்ட்கோர்ட்டிலிருந்து எம்பிக் குறுக்கே பிடித்து, வந்த வேகத்தில் தன் பேக்கோர்ட்டில் இறங்கினால் தவறில்லை. பந்து அவர் அணியின் வசம் வந்ததே காற்றில்தான். இறங்கும் இடத்தை அவரால் தேர்ந்தெடுக்க முடியாது. தொடக்க ஜம்ப் பாலில் தட்டிவிடப்பட்ட பந்தை அப்படிப் பிடித்தாலும் அதே நியாயம். புதிதாக வசப்படுத்துகிறாரா, ஏற்கெனவே வசம் இருந்ததை வாங்குகிறாரா? இதைக் கேட்டுக்கொண்டால் இரண்டு தாவல்களும் உங்களுக்குக் குழம்பாது. நான் பார்த்தவரை நம் இளம் நடுவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த ஒரே இடத்தில்தான். ஆதலால் இந்தப் பத்தியை மட்டும் இன்னொருமுறை படியுங்கள்.

அமெரிக்கர்களுக்கும் இது சுலபமாக இருக்கவில்லை என்று அறிந்தால் உங்களுக்குத் தெம்பு வரும். எதிரணி தட்டிய பந்து பின்பாதித் தரையில் குத்துவதற்கு முன்பே, அங்கு நிற்கும் தாக்கும் அணிக்காரர் காற்றில் பிடித்தால் என்ன? பந்து தரையில் படாதவரை அது இன்னும் ஃபிரண்ட்கோர்ட் பந்துதான், அதை அவரே பின்பாதிக்குக் கொண்டுவந்தவர் ஆகிறார், ஆகவே குற்றம் என்று அங்கே உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கு ஓர் அதிகாரபூர்வ விளக்கம் இருந்தது. நடுவர்கள் பல ஆண்டுகள் அதோடு மல்லுக்கட்டினார்கள். தடுப்பவர் தட்டிய பந்துக்குத் தண்டனை தாக்குபவருக்கா என்ற கேள்விக்கு யாராலும் நிறைவான பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் 2018–19 பருவத்தில் விதியிலேயே விலக்கு சேர்த்து முடித்துவைத்தார்கள். ஃபிபாவின் வாசகத்தில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. ஃபிரண்ட்கோர்ட்டில் கடைசியாகத் தொட்டது எதிரணி, எனவே எடுக்கலாம். புத்தகத்தின் சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். இடையில் நாமாக ஒரு தத்துவம் சேர்த்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

கடிகாரங்களையும் பார்த்துவிடுவோம். எதிரணி தட்டிப் பின்னால் போன பந்தைத் தாக்கும் அணியே எடுத்தால், 24 நொடிக் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், 8 நொடி மட்டும் புதிதாகத் தொடங்கும். மேசையில் இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்துத் திருப்பிவிடுவது உண்டு. ஷாட் கிளாக் இல்லாத ஆட்டமென்றால் உங்கள் கைதான் கடிகாரம். உள்ளங்கையை அசைத்து எண்ணுவது இரண்டு பயிற்றுநருக்கும் தெரிய வேண்டும். மாறாக, பந்து வெளியே போய் அதே அணி பின்பாதியில் த்ரோ-இன் எறிந்தால் 8 நொடி புதிதாக வராது, மிச்சம் இருந்ததுதான் தொடரும்.

விதிமீறலை ஊதினால், விரல்கள் சேர்ந்த திறந்த உள்ளங்கையை உயர்த்துங்கள். முஷ்டி ஃபவுலுக்கு உரியது. பிறகு உடலுக்கு முன்னால் கையை வீசிக் காட்டிவிட்டு, ஆட்டம் போகும் திசையைக் காட்டுங்கள். த்ரோ-இன், விதிமீறல் நிகழ்ந்த இடத்துக்கு மிக அருகே, எதிரணியின் ஃபிரண்ட்கோர்ட்டில். கூடைக்கு எறிய அவர்களுக்கு 14 நொடிதான். பழக்கத்தில் 24 போட்டுவிடுவார்கள், ஒரு கண் வையுங்கள்.

இருவர் நடுவராக இருக்கும் ஆட்டத்தில் நடுக்கோடு பெரும்பாலும் பின்னால் வரும் நடுவரின் பொறுப்பு. பந்தைத் துரத்திக்கொண்டு நீங்களும் முன்னே ஓடிவிட்டால் கோட்டில் கால் பட்டதா என்று சொல்ல ஆளில்லை. பந்து தாண்டிய பிறகும் இரண்டு எட்டு பின்தங்கியே இருங்கள். உயரமான ஆட்டக்காரர்கள் நடுவில் நின்று மறைத்தால் பக்கவாட்டாக நகர்ந்து இடைவெளியைத் தேடுங்கள். தெரியாததை ஊகித்து ஊதாதீர்கள்.

பெற்றோரைப் பற்றியும் ஒரு சொல். அவர்களும் நம் அக்காமார், மாமாமார்தான். பிள்ளைக்காகச் சனிக்கிழமைக் காலையை விட்டுக்கொடுத்து வந்தவர்கள், கத்தத்தான் செய்வார்கள். ஆட்டத்தின் நடுவே அவர்களுக்குப் பதில் சொல்லாதீர்கள். அணித் தலைவர் மரியாதையாகக் கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: "கடைசியாகத் தொட்டது அவர்கள்." அல்லது "உங்கள் ஆட்டக்காரர் கால் கோட்டில்." இதற்குமேல் வேண்டாம். ஆட்டம் முடிந்து, கணக்குத் தாளில் கையெழுத்திட்டு, வெளியே வரும்போது ஓர் அம்மா வந்து, "தம்பி, அது ஏன் ஊதலே?" என்று கேட்டால் நின்று சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். அடுத்த வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அவர் சொல்லிக்கொடுப்பார். சிராங்கூன் சாலையில் செய்தி பரவ வேறு எதுவும் தேவையில்லை.

இன்னும் இரண்டு வேண்டுகோள். புளோக் கீழே பிள்ளைகள் ஆடும்போது விசில் இல்லாமல் போய் உட்காருங்கள். ஒவ்வொரு பாஸுக்கும் கடைசியாகத் தொட்டவர் யார் என்பதை மட்டும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே பாருங்கள். அரை மணி நேரம் செய்தால் கண் தானாகப் பழகும். பந்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் கையைப் பாருங்கள்.

மற்றொன்று, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குப் போகும் நாள்களில் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். இரண்டு பயிற்றுநர்களிடமும் கேட்டு அனுமதி வாங்கி, இரண்டு அணிப் பிள்ளைகளையும் நடுக்கோட்டருகே கூட்டுங்கள். ஒருவனைப் பந்தோடு முன்பாதியில் நிறுத்துங்கள், இன்னொரு அணிக்காரனைத் தட்டச் சொல்லுங்கள், பந்து பின்னால் உருளட்டும். "இப்போ நீ எடுக்கலாமா?" என்று முதலாமவனைக் கேளுங்கள். தயங்குவான். "எடு, ஓடிப்போய் எடு" என்று சொல்லுங்கள். பிறகு அதே பந்தை அவனுடைய சொந்தக் காலில் பட்டு உருளவிட்டுத் திரும்பவும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களோடு ஓடும் ஒரு நடுவர்